தொழிற்சாலை யாரை எடுக்கிறது?

பொல்பிட்டியவில் மழை ஓய்ந்த ஒரு மாலையில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது வீட்டுக்கு மேலிருந்த மண்மேடு சரிந்து, அவர்கள் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருந்த நிலத்தை மூடிவிட்டது. வீடு தப்பியது, ஆனால் திரும்பிப் போய்க் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது உறவினர் வீட்டில் ஓர் அறையில் ஐந்து பேர். வந்தவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்:

"சாமி, பெரிய புள்ள கொழும்புப் பக்கம் காமென்டுக்குப் போறேங்குது. அனுப்பலாங்களா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. "அனுப்புங்கள்" என்றும் "வேண்டாம்" என்றும் ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடிய கேள்வி அல்ல இது. இதே கேள்வியை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மீளக்குடியமர்ந்த தாய்மாரும் கேட்கிறார்கள். நிலத்தை இழந்த குடும்பத்தின் வாசலில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் தொழிற்சாலைதான். ஆகவே அந்தத் தாயிடம் மறுநாள் நான் சொன்னவற்றை, கொஞ்சம் விரிவாக, இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "தொழிற்சாலை என்ன சம்பளம் தருகிறது?" என்பதல்ல. "தொழிற்சாலை யாரை எடுக்கிறது? எத்தனை வயதில் எடுக்கிறது? எத்தனை வயதில் விடுகிறது?" என்பதே.

நிலம் எல்லோரையும் எடுத்தது

நிலம் இருந்த நாளில் உங்கள் வீட்டில் வேலை இல்லாதவர் யார்? நாற்று நடத் தாய். மண்வெட்டி பிடிக்கத் தகப்பன். கிளி விரட்டப் பிள்ளை. விதை பொறுக்கவும் புடைக்கவும் பாட்டி. கால் ஊனமான சித்தப்பாவுக்குக் கூட வரப்போரம் உட்கார்ந்து காவல் காக்கும் வேலை இருந்தது. கர்ப்பிணிப் பெண் பாரமான வேலையை விட்டு இலேசான வேலைக்கு மாறிக்கொள்வாள். வேலையிலிருந்து நிற்பாட்டப்பட மாட்டாள். கூலி என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை என்பது அதன் குறை. வீட்டுப் பெண்ணின் உழைப்பு எவர் கண்ணுக்கும் படவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. ஆனாலும் நிலம் ஒரு குடும்பத்தை முழுதாக வேலைக்கு எடுத்தது.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்களும், 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவுக்குத் தப்பியவர்களும் இதை அனுபவத்தில் கண்டவர்கள். இடம்பெயர்ந்த மறுநாளே வீட்டிலுள்ள பாதிப் பேருக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. முதியவர்கள் பாரமாகத் தோன்றுகிறார்கள். முன்பு ஐந்து பேர் சுமந்த சுமை, உழைக்கக்கூடிய ஒருவர் தலையில் ஏறுகிறது.

மீரியபெத்தையில் தப்பியவர்களில் பல குடும்பங்கள் 2016இல் புதிய வீடுகள் கிடைக்கும் வரை தங்கியிருந்தது ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில். ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய மாடியில் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்தன. அந்தக் கட்டடத்துக்குள் ஒரு காலத்தில் வேலை செய்தவர்கள் யார் என்பதிலிருந்தே நம் கணக்கைத் தொடங்கலாம்.

ஸ்டோருக்குள் யார்?

தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை "ஸ்டோர்" என்பார்கள். மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பெண்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஸ்டோருக்குள் பெரும்பாலும் ஆண்கள். கொழுந்து வாட்டுதல், உருட்டுதல், அடுப்பில் காயவைத்தல் எல்லாம் ஆண்கள் கையில். சலிக்கும் அறையிலும் காம்பு பொறுக்கும் இடத்திலும் மட்டும் பெண்கள். டீமேக்கர் என்ற பதவியில் பெண்ணைக் காண்பது அரிது.

ஏன் இப்படி? "ஸ்டோர் வேலை பாரமான வேலை" என்பார்கள். இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து செங்குத்து மலையில் இறங்குவது பாரமில்லையா? உண்மையான காரணங்களில் ஒன்று இரவு. பகலில் பறித்த கொழுந்து இரவு முழுவதும் வாட வேண்டும். விடியுமுன்பே உருட்டத் தொடங்க வேண்டும். தொழிற்சாலைகளில் பெண்களை இரவில் வேலை வாங்க நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே ஸ்டோர் ஆண்களுடையதாயிற்று. மெஷின் பற்றிய அறிவும் பதவி உயர்வும் அவர்களோடு போயின. பின்னர் காம்பைப் பிரித்தெடுக்கும் இலத்திரனியல் மெஷின்கள் வந்தபோது, முதலில் குறைந்தது பெண்கள் உட்கார்ந்து காம்பு பொறுக்கிய இடங்களே.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1984இல்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. அதற்கு முன் ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்தும் பெண்ணின் "பேர்" ஆணின் பேரை விடக் குறைவு. அந்தக் குறைந்த சம்பளத்தையும் கணவரோ தகப்பனோ போய் வாங்கி வந்த வீடுகள் பல. ஆக, யார் எந்த வேலைக்கு என்பதைக் கையின் பலம் மட்டும் தீர்மானிக்கவில்லை. சட்டம், வழக்கம், முதலாளியின் வசதி மூன்றும் சேர்ந்து தீர்மானித்தன.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தபோது, அவற்றில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவில் இருந்தார்கள். இன்று அதில் பாதிப் பேர் கூட இல்லை. ஆனாலும் ஒரு காம்பறாவில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் போட்டாக வேண்டும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரை போகும் என்ற அச்சம் அது. ஆகவே தாய் மலையில் நிற்கிறாள், மகள் பஸ் ஏறுகிறாள், மகன் கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ நிற்கிறான். ஒரே குடும்பம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

தையல்காரர் எங்கே போனார்?

இங்கிருந்து பஸ் ஏறும் மகள் எங்கே போகிறாள்? பொல்பிட்டியவில் நின்று ஆற்றைப் பார்த்தால் வழி தெரியும். லக்ஷபான குளத்து நீர் மலைக்குள் இறங்கி வந்து 1969 முதல் இங்குள்ள நிலையத்தில் மின்சாரமாகிறது. அருகிலேயே மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. கித்துல்கல, எட்டியாந்தோட்டை, ஹங்வெல்ல என்று இறங்கும் அந்த ஆறு கடலைச் சேருமுன் பியகமவைத் தொட்டுச் செல்கிறது. பியகமவில் இருப்பது சுதந்திர வர்த்தக வலயம்.

முதலாவது வலயம் 1978இல் கட்டுநாயக்காவில் தொடங்கப்பட்டது. எண்பதுகளின் நடுப்பகுதியில் பியகமவும், 1991இல் கொக்கலவும் வந்தன. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டத்தைத் தொடங்கித் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்கே கொண்டு சென்றார். 2009இல் போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பு மாவட்டத்திலும் எழுந்தன. இன்று நாடெங்கும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலிருந்தே வருகிறது. தேயிலை எப்போதோ பின்னால் போய்விட்டது.

இந்த மூன்று இலட்சம் பேரில் நால்வரில் மூவர் பெண்கள். தொடக்கத்திலிருந்தே தேடி எடுக்கப்பட்டவர்கள் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட, மணமாகாத, கிராமத்துப் பிள்ளைகள். வெட்டும் பகுதியிலும் மெஷின் திருத்தும் இடத்திலும் மேல் பதவிகளிலும் ஆண்கள். வரிசையாக மெஷினுக்கு முன்னால் பெண்கள்.

"பெண்ணின் விரல் நளினமானது; தையல் அவளுக்கு இயல்பானது" என்று காரணம் சொல்வார்கள். ஹட்டன் கடைத்தெருவிலும் யாழ்ப்பாணத்துச் சந்தியிலும் தையல் மெஷின் மிதித்தவர் யார் என்று சற்று நினைத்துப் பாருங்கள். கழுத்தில் அளவு நாடா போட்ட ஆண் தையல்காரர் அல்லவா? அவர் விரலுக்கு நளினம் இல்லையா? அவர் ஒரு முழுச் சட்டையை அளந்து, வெட்டி, தைத்து, விலை பேசி விற்றார். தொழிற்சாலை அந்த ஒரு சட்டையைப் பல துண்டு வேலைகளாகப் பிரித்தது. ஒரு பிள்ளை கொலர் மட்டும் பொருத்துவாள், அடுத்தவள் கைமடிப்பு மட்டும். மணிக்கு இத்தனை என்று டார்கெட் உண்டு. எதிர்த்துப் பேசாத, வீட்டில் பிள்ளை அழாத, மகப்பேற்று விடுமுறை கேட்காத, குறைந்த சம்பளத்தைப் "பிள்ளையின் கைச்செலவு" என்று வீட்டார் நினைத்துக்கொள்ளும் ஒருவர் அதற்குத் தேவைப்பட்டார். தையல் பெண்ணுடைய வேலை ஆனது அப்போதுதான். இவ்வாறு பிரிக்கப்பட்ட வேலையில் ஐந்து வருடம் இருந்தவள் ஒரு சட்டையை முழுதாகத் தைக்கத் தெரியாமலே வீடு திரும்பவும் கூடும்.

இரவைப் பற்றி மேலே சொன்னேன். தேயிலை ஸ்டோருக்கு நெடுங்காலம் அசையாத அந்தச் சட்டம், வலயங்கள் வந்து சில வருடங்களில், 1984இல், தளர்த்தப்பட்டது. இன்று பெண்ணை இரவு 10 மணிக்குப் பிறகு வேலை வாங்கலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு: அவள் விரும்பினால் மட்டும், மாதத்தில் 10 இரவுகளுக்கு மேல் கூடாது, பகலில் வேலை செய்தவளை அதே இரவும் நிறுத்திவைக்கக் கூடாது. பெண்களின் மேலதிக வேலைக்கும் மாதம் 60 மணித்தியாலம் என்ற எல்லை உண்டு. சட்டம் எப்போது, யாருக்காக அசைகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அசைந்தபின் அதில் நமக்குள்ள பாதுகாப்பையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விவசாயியின் மகள்: எங்கும் ஒரே கதை

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஊர். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன், 1820களில், அங்கே பெரிய துணி ஆலைகள் எழுந்தபோது முதலாளிகள் தேடிப் போனது சுற்றுவட்டார விவசாயிகளின் மணமாகாத மகள்மாரை. கம்பனியின் விடுதியில் தங்கவைத்தார்கள். மணி அடித்து எழுப்பினார்கள். பெற்றோருக்குப் பணம் போயிற்று. சில தம்பிமார் அந்தப் பணத்தில் படித்தார்கள். சம்பளம் வெட்டப்பட்டபோது 1834இலும் விடுதிக் கட்டணம் ஏற்றப்பட்டபோது 1836இலும் அந்தப் பிள்ளைகள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். பின்னர் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் இன்னும் குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆலைகள் அவர்கள் பக்கம் திரும்பின. அவர்களும் பஞ்சத்தால் நிலத்தை விட்டு வந்த குடியானவர்களே.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டில், கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் ஒரு முறை பரவியது. ஏழைக் குடும்பத்து இளம்பெண் மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. இடையில் நோய் வந்தோ மனம் உடைந்தோ திரும்பினால் அந்தத் தொகை கிடைக்காமல் போன பிள்ளைகள் பலர். மாதாமாதம் கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு அதற்குச் "சுமங்கலி" என்று மங்கலப் பெயர் வைத்தது அந்தத் திட்டம். கடும் கண்டனத்துக்கு ஆளானது.

இன்னும் அண்மையில், சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் கைத்தொலைபேசி பூட்டும் ஃபொக்ஸ்கொன் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள், 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகித் தோழியர் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 2024இல் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், அங்கு மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று செய்தி வெளியிட்டது. கம்பனி அதை மறுத்தது. இந்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அங்கே பொருள் துணியல்ல, தொலைபேசி. ஆனால் மெஷினுக்கு முன் உட்காருபவள் அதே கிராமத்து மகள்.

2011: கணக்குத் தெரிந்த பிள்ளைகள்

இப்படி ஒரு வயதை மட்டும் வேலைக்கு எடுப்பதால் வரும் விளைவை நம் நாட்டில் மிகத் தெளிவாகச் சொன்னவர்கள் வலயத்துப் பிள்ளைகளே. 2011இல் அரசாங்கம் தனியார் துறைக்கென்று ஓர் ஓய்வூதியச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. கேட்பதற்கு நல்ல காரியம்தான். ஆனால் மாதாமாதம் சம்பளத்திலிருந்து பணம் கழிபடும். பலன் பல வருடம் கழித்து, முதுமையில். ஐந்தாறு வருடத்தில் வீடு திரும்பும் பிள்ளைக்கு அதில் என்ன உண்டு? ஊழியர் சேமலாப நிதியில் தன் பெயரில் சேர்வதை எடுத்துக்கொண்டு போய்க் கல்யாணம் செய்யவோ கூரை போடவோ நினைத்திருந்தவள் அவள். சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது முப்பது வருடம் ஒரே வேலையில் இருக்கும் ஓர் ஊழியர். தொழிற்சாலையில் இருந்ததோ ஐந்து வருடம் நிற்கும் ஒரு யுவதி.

ஆயிரக்கணக்கானோர் கட்டுநாயக்காவில் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 2011 மே 30ஆந் திகதி பொலிஸார் சுட்டார்கள். ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி ஜூன் 1ஆந் திகதி உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. 1984 முதல் வலயத்துப் பெண்களுக்காக வெளிவந்த "தாபிந்து" என்ற சிங்களப் பத்திரிகையின் பெயருக்கு "வியர்வைத் துளி" என்று பொருள். அந்தத் துளிகளின் கணக்கு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கம்பனி யார், கையாள் யார்?

கடந்த சில வருடங்களில் நிலைமை மாறியிருக்கிறது. முன்பு வாசலில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். இன்று பல தொழிற்சாலைகள் ஆள் கிடைக்கவில்லை என்கின்றன. படித்த பிள்ளைகள் கடைகளையும் அலுவலகங்களையும் வெளிநாட்டையும் நாடுகிறார்கள். அதனால் மணமானவர்களும் முப்பது வயது தாண்டியவர்களும் மீண்டும் அழைக்கப்படுகிறார்கள். இது நமக்கு ஓரளவு நல்ல செய்தி. ஆள் தேவைப்படும்போது கேட்டுப் பெறலாம்.

ஆனால் கூடவே வேறொன்றும் வந்திருக்கிறது. "மேன்பவர்" என்ற பெயரில் முகவர்கள் நாட்கூலிக்கு ஆள் சேர்த்துத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். இன்று ஒரு கம்பனி, நாளை இன்னொன்று. அன்றன்றே கையில் காசு கிடைப்பதால் அவசரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது கவர்ச்சியாகத் தோன்றும். இடம்பெயர்ந்தவர்களே இதில் அதிகம் அகப்படுகிறார்கள். அப்படிப் போகும் பலருக்கு நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை, நோய் வந்தால் லீவு இல்லை. விபத்து நடந்தால் கம்பனி முகவரைக் காட்டும். முகவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். இப்படி இரண்டு வருடம் உழைத்துவிட்டு, ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லாமல் வந்து நின்ற ஒரு பிள்ளையோடு நான் ஓர் அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறேன். அவள் அங்கே வேலை செய்தாள் என்பதையே எங்களால் நிரூபிக்க முடியவில்லை.

அனுப்புமுன் ஒரு கணக்கு

ஒரு பேனையை எடுத்துக்கொண்டு வாருங்கள். தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டத்துக்கு 2025இல் வந்த திருத்தம், மாதச் சம்பளத்தை 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய் என்றும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய் என்றும் வைத்தது. 30,000 என்றே கணக்குப் போடுவோம்.

ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, அதாவது 2,400 ரூபாய். கம்பனி தன் பங்காக நூற்றுக்கு 12, அதாவது 3,600. மாதம் 6,000 ரூபாய் அவள் பெயரில் சேர வேண்டும். ஐந்து வருடத்தில், வட்டி இல்லாமலே, 360,000. ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி மட்டும் நூற்றுக்கு 3. மாதம் 900, ஐந்து வருடத்தில் 54,000. பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தால் பணிக்கொடை உண்டு. ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், அதாவது 75,000. மூன்றையும் கூட்டினால் 489,000 ரூபாய். மாதாமாதம் கையில் கிடைக்கும் சம்பளத்துக்கு மேலாக அவளுக்கு உரிய பணம் இது.

நான்கு வருடம் பதினொரு மாதத்தில் வேலையை விட்டால் பணிக்கொடை ஒரு சதமும் இல்லை. ஒரு மாத அவசரத்தில் 75,000 ரூபாயைக் கைவிட்டு வந்தவர்கள் உண்டு. கல்யாணத் திகதி குறிக்கும் பெற்றோர் நாட்காட்டியோடு இதையும் பார்க்க வேண்டும்.

இனி, கவனிக்க வேண்டிய சில காரியங்கள்:

பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறெழுத்து, சேமலாப நிதியில் மூன்றாவது விதம். மலையகத்தில் இது அன்றாடத் தொல்லை. பெயர் ஒத்துப்போகாவிட்டால் பணம் வாங்க வருடக்கணக்கில் அலைய வேண்டும். வேலையில் சேருமுன் திருத்துங்கள்.

கடிதமும் சீட்டும். நியமனக் கடிதம், மாதாந்தச் சம்பளச் சீட்டு, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

ஓ.டி. மேலதிக வேலைப் பணத்துக்குச் சேமலாப நிதி கழிபடுவதில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துவைத்து "ஓ.டி.யில் நிறைய எடுக்கலாம்" என்று ஆசை காட்டினால், அவளுடைய பிற்காலப் பணத்தைக் குறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

வங்கிப் புத்தகம். அது அவள் பெயரில் இருக்கட்டும். வீட்டுக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். முழுச் சம்பளமும் தம்பியின் படிப்புக்கும் தகப்பனின் கடனுக்கும் போய், ஏழு வருடத்தின் பின் வெறுங்கையோடு நிற்கும் மூத்தவள்மார் நம்மிடையே பலர்.

வயது. 2021இலிருந்து 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். வயதைக் கூட்டிக் கடிதம் எடுக்கக் கிராம உத்தியோகத்தரிடமோ குருவானவரிடமோ தயவுசெய்து வராதீர்கள்.

தங்குமிடம். வலயங்களில் வேலை செய்வோரில் பலர் வெளியே வாடகை அறைகளில் தங்குகிறார்கள். ஓர் அறையில் எத்தனை பேர், தண்ணீர் எப்படி, இரவு வேலை முடிந்து வர வாகனம் உண்டா என்று பெற்றோரில் ஒருவர் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

கைத்தொழில். ஒரே மெஷினில் நின்றுவிடாமல் வேறு வேலைகளையும் பழகச் சொல்லுங்கள். அனுபவத்தை வைத்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. திரும்பி வரும்போது சட்டையை முழுதாகத் தைக்கத் தெரிந்தவளாக வரட்டும்.

மகப்பேறு. மணமானதும் வேலையை விட்டேயாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 84 நாள் சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுமுறை அவள் உரிமை. கல்யாணத்துக்காக விலகுவதாக இருந்தாலும், அதைக் காட்டிச் சேமலாப நிதியைப் பெற முடியும்.

இவற்றில் எது மறுக்கப்பட்டாலும் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். தனியாகப் போகத் தயங்கினால் நாலு பேர் சேர்ந்து போங்கள். தொழிற்சங்கத்தில் சேர்வதும் சட்டப்படியான உரிமையே.

அந்தத் தாய்க்குச் சொன்னது

அந்தத் தாயிடம் நான் "அனுப்பாதீர்கள்" என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு வயது பத்தொன்பது. அவளுக்கும் ஓர் ஆசை உண்டு. தன் கையில் காசு, தன்னோடு ஒத்த தோழியர், லயத்துக்கு வெளியே ஓர் உலகம். அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. தொழிற்சாலையால் வீடு கட்டிய பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன்.

நான் சொன்னது இதுதான்: "அம்மா, உங்க நெலம் உங்க அஞ்சு பேரையும் எடுத்துச்சு. காமென்டு ஒரு புள்ளைய மட்டுந்தான் எடுக்கும். அதுவும் அது வாழ்க்கையில ஒரு ஏழு வருஷத்த மட்டும். அந்த ஏழு வருஷம் முடிஞ்சு வரயில அது பேர்ல என்ன இருக்கும்னு இப்பவே பேசிக்கிட்டு அனுப்புங்க. மத்த நாலு பேர் பாடு என்னங்கிறதையும் பேசணும். நெலத்துக்குப் பதிலா நெலம் கேக்குறத விட்டுறாதீங்க."

கடைசி வரியைத்தான் நான் மிகவும் வற்புறுத்தினேன். மகள் சம்பளம் அனுப்பத் தொடங்கியதும் "இவர்களுக்கு வருமானம் இருக்கிறது" என்று அதிகாரிகள் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கூடும். நாமும் சோர்ந்துபோய்க் கேட்பதை நிறுத்திவிடுவோம். கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக எழுப்பப்பட்ட குடும்பங்களுக்கு மகாவலி நிலத்தில் காணி கொடுத்தார்கள். அணைக்காக இடம்பெயர்ந்தவருக்கு நிலத்துக்கு நிலம் என்பது இந்த நாட்டில் நடந்த காரியம்தான். மண்ணாலும் போராலும் இடம்பெயர்ந்தவருக்கு மட்டும் அது ஏன் முடியாததாக வேண்டும்? இளம்பெண் ஒருத்தியின் ஏழு வருடம் ஒரு குடும்பத்தின் காணிக்கு ஈடாகாது.

அடுத்த வாரம் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். மகள் கையில் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று வேலை விண்ணப்பம். மற்றது பிரதேச செயலாளருக்கு மாற்றுக் காணி கேட்டு அவளே எழுதிய கடிதம். பெயர் இரண்டிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று மூவரும் சரிபார்த்தோம்.

குழுவில் கலந்துரையாட:

1. உங்கள் கிராமத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? என்ன வயதில் போனார்கள், என்ன வயதில் திரும்பினார்கள்?

2. திரும்பி வந்தவர்கள் தங்கள் பெயரில் என்ன கொண்டுவந்தார்கள்? சேமலாப நிதி இன்னும் கிடைக்காதவர்கள் யார்? அவர்களுக்குக் குழு எப்படி உதவலாம்?

3. ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டில் முதியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இந்த ஊரிலேயே செய்யக்கூடிய வேலை என்ன? அதற்கு எவ்வளவு நிலம் வேண்டும்? அதை யாரிடம் கேட்க வேண்டும்?